குருதி கொடுக்கும் கல்லூரியும் குருதி வேண்டும் மாணவரும்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரக் கல்லூரிகளில் இரத்ததான முகாம் என்பது விளையாட்டு விழாவைப் போலவே ஆண்டுதோறும் வரும் வழக்கமாக வேரூன்றிவிட்டது. ஆனால் அந்தக் குருதியை நம்பி உயிர் வாழும் ஒருவர் அதே வகுப்பறையில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதைக் கல்லூரி நிருவாகங்கள் நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை.

கொடுப்போருக்கான ஏற்பாடு முதலில் வந்தது. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரிக்குள் தொண்டர் அணிகளை உருவாக்கியது. காசுக்குக் குருதி விற்போரை உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு தடை செய்து, அத்தடை 1998 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தபின், பதினெட்டு வயது நிரம்பிய மாணவர்களின் தன்னார்வக் கொடையை இரத்த வங்கிகள் பெரிதும் சார்ந்திருக்கத் தொடங்கின. எனினும் பிரித்தெடுத்த சிவப்பணுக்களை 42 நாட்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது என்பதால், தேர்வும் கோடை விடுமுறையும் அடுத்தடுத்து வரும் மாதங்களில் முகாம்கள் நின்றுபோவது நோயாளியை நேரடியாகத் தாக்குகிறது.

அந்த நோயாளிகளுள் மூவகையினர் குறிப்பிடத்தக்கவர். உடல் போதிய ஹீமோகுளோபினை உருவாக்க இயலாத நிலை தலசீமியா எனப்படும்; அதன் கடுமையான வகை உடையோர்க்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும். குருதி உறைவதற்கான புரதம் குறைந்து, மூட்டுகளுக்குள்ளேயே கசிவு ஏற்படும் நிலை ஹீமோபிலியா. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து சிறு நாளங்களை அடைத்துக் கடும் வலி தருவது அரிவாள் செல் நோய். மருத்துவ இதழ்களில் இம்மூன்றாம் நோய்க்கு ஆளானவராக முதன்முதலாக விவரிக்கப்பட்டவர் ஒரு கல்லூரி மாணவர் என்பது கருதத்தக்கது. கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் பயில 1904இல் சிகாகோ சென்ற வால்ட்டர் கிளெமென்ட் நோயல், மருத்துவமனைக்கும் வகுப்புக்குமாக அலைந்தபடியே 1907இல் படிப்பை முடித்தார்; அவருடைய குருதியில் கண்ட வளைந்த அணுக்களைப் பற்றி மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் எழுதிய கட்டுரை 1910இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்நோய்க்கான மரபுக்கூறு இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952இல் பதிவு செய்தனர். ஆகவே மலையிலிருந்து படிப்புக்கும் பனியன் கம்பெனி வேலைக்கும் சமவெளிக்கு இறங்கும் இளையோருக்கு இது தொலைதூரத்து நோயன்று.

திருப்பூரில் இதன் சுமை தனித்தன்மை உடையது. இங்கே ஷிப்ட் என்பது நேரம் மட்டுமன்று, கூலிக் கணக்கும் ஆகும்: எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். பகலில் கல்லூரிக்குச் சென்று மாலையில் செக்கிங் மேசையருகே நின்று தைத்த பீஸ்களில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் மாணவர் ஒருவர், மேசையை விட்டு நகர நேரமில்லாமல் தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போடுவது வழக்கம். நீரிழப்பும் களைப்பும் அரிவாள் செல் வலியைத் தூண்டும் முதன்மைக் காரணங்களில் அடங்குவன. வகுப்பிலோ 75 விழுக்காடு வருகை வேண்டும். 90 வேலை நாட்கள் கொண்ட பருவத்தில் 22 நாட்கள்தான் விடலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை குருதி ஏற்றுபவருக்குப் பரிசோதனை நாளும் ஏற்றும் நாளுமாகச் சேர்த்து அதில் ஏறத்தாழப் பாதி கரைந்துவிடும், காய்ச்சலும் வலியும் தனிக்கணக்கு.

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஊனம் என ஏற்ற ஏழு நிலைகளில் குருதி நோய் எதுவும் இல்லை.  இக்குறையை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 நீக்கியது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் ஏற்ற 21 நிலைகளுள் மேற்கண்ட மூன்று நோய்களும் உள்ளன. பாதிப்பு 40 விழுக்காட்டுக்குக் குறையாதவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களையும், சேர்க்கையில் ஐந்தாண்டு வயதுத் தளர்வையும் அது வழங்குகிறது. ஆனால் மாற்றுத்திறனாளிச் சான்று பெற்ற மாணவரும் நோயை வெளியில் சொல்லத் தயங்குகிறார். திருமணப் பேச்சு கெடுமே, வேலை போகுமே என்ற வீட்டாரின் அச்சம் அதற்குக் காரணம், அந்த அச்சம் நியாயமற்றதும் அன்று.

மருத்துவத்துக்குத் திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதல் இயங்குகிறது; மற்றவை கல்லூரிகள் செய்ய வேண்டியவை. மாணவர் எந்த நாளில் குருதி ஏற்றச் செல்வார் என்பதை முன்கூட்டியே அறிந்து அன்று உள்தேர்வு வைக்காதிருப்பதும், அந்நாளை மருத்துவ விடுப்பாக எழுதுவதும், மே மாதத்திலும் ஒரு முகாம் நடத்துவதும் கல்லூரிகளின் கையில் உள்ளன. தேர்வில் கூடுதல் நேரம் தருவதைப் பொறுத்தவரை, அது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.