மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா

மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா, டி. கே. எஸ். சகோதரர்கள் நடத்திய தொழில்முறை நாடகக் குழு. 1925 மார்ச் 31 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. பின்னாளில் டி. கே. எஸ். நாடக சபா என்று பெயர் மாறியது. டி. கே. சங்கரன், டி. கே. முத்துசாமி, டி. கே. சண்முகம், டி. கே. பகவதி ஆகிய நால்வரும் உடன்பிறந்தோர். இவர்களின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பெண்வேடத்தில் பேர்பெற்ற நடிகர்.

முன்வரலாறு: இச்சபையின் வேர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளிடம் (1867-1922) உள்ளது. தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள் முதலில் நடிகராக இருந்தார். எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் அவரைப் பார்த்தவர்கள் நடுங்கினார்கள். அத்தகைய ஒரு வேடத்தைக் கண்ட அதிர்ச்சியில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த தீங்கே அவர் நடிப்பைக் கைவிட்டு ஆசிரியராக அமரக் காரணம் என்பர். மேடையில் பாடத்தை மீறித் தர்க்கம் செய்வதும், குடித்துவிட்டு வந்து நிற்பதும் வளர்ந்த நடிகர்களிடையே வழக்கமாகிவிட்ட காலம் அது. அதனால் சுவாமிகள் சிறுவர்களின் பக்கம் திரும்பினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவையும் நிறுவினார். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று அவரைப் போற்றுவர்.

1918இல் கண்ணுசாமிப் பிள்ளை தம் பிள்ளைகளுடன் மீனலோசனி சபாவில் சேர்ந்தார். சண்முகத்துக்கு அப்போது 6 வயது. அச்சிறுவனுக்காகவே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஓர் இரவு உறங்காமல் எழுதி முடித்தார் என்று சண்முகம் தம் ‘எனது நாடக வாழ்க்கை’ நூலில் பதிந்திருக்கிறார். சுவாமிகள் பக்கவாதத்தால் பேச்சிழந்து 1922இல் புதுச்சேரியில் காலமானார். தமக்கென ஒரு சபையைச் சகோதரர்கள் அமைத்துக்கொண்டது அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின்.

கம்பெனி வாழ்க்கை: பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்த இக்குழுக்களில் சேர்ந்த சிறுவன் வீட்டை விட்டு வந்துவிடுவான். உணவும் உறக்கமும் பாடமும் கம்பெனி வீட்டிலேயே. விருத்தாசலம் வட்டாரத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு ஆடும் கூத்து ஜமாவினர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பி வயல்வேலையைப் பார்ப்பார்கள். கம்பெனிப் பையனுக்குத் திரும்பிப் போகும் பருவம் கிடையாது. ஓர் ஊரில் வசூல் குறைந்தால் திரைச்சீலைகளையும் உடுப்புப் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு அடுத்த ஊர்க் கொட்டகைக்குப் புறப்பட வேண்டும். அடுத்த ஊருக்கான ரயில் செலவே பெருங்கவலையாக இருந்த நாட்கள் உண்டு. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (பெண்வேடம்), கள்ளபார்ட் (திருடன்), பபூன் (கோமாளி) என வேடங்கள் பகுக்கப்பட்டன. எல்லா வேடத்தையும் சிறுவர்களே ஏற்றனர். ஸ்திரீபார்ட் போடுபவன் தலைமுடியை நீள வளர்த்துக்கொள்வான்.

இந்த வாழ்வில் மிகக் கொடியது மகரக்கட்டு. குரல் உடையும் பதின்பருவத்தில், நேற்றுவரை கொட்டகையே எழுந்து ஆரவாரித்த பையனுக்கு இன்று சுருதி சேராது. அவன் தொழிலே போனது போலத்தான். பல சிறுவர்கள் அத்தோடு மறைந்துபோனார்கள். சண்முகானந்த சபா நிலைத்ததற்கு ஒரு காரணம், பாட்டை மட்டும் நம்பாமல் வசனத்துக்கும் நடிப்புக்கும் இடம் கொடுத்தது. இம்மாற்றத்தைக் கொண்டுவந்தவர் ஆசிரியர் எம். கந்தசாமி முதலியார்; நடிகர் எம். கே. ராதாவின் தந்தை. ஜே. ஆர். ரங்கராஜுவின் ராஜாம்பாள், ராஜேந்திரா ஆகிய நாவல்களும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகாவும் நாடகங்களாகி மேடையேறின. அரசர்களும் முனிவர்களும் நின்ற இடத்தில் வக்கீலும் குமாஸ்தாவும் வந்து நின்றார்கள்.

நடிகர்கள்: சங்கரன் நிர்வாகம் பார்த்தார். முத்துசாமி நாடகமும் எழுதினார். ‘குமாஸ்தாவின் பெண்’ அவருடையது. பகவதி உயரமும் கம்பீரக் குரலும் உடையவர், அரு. ராமநாதனின் ‘ராஜராஜ சோழன்’ நாடகத்தில் சோழனாக நின்று புகழ்பெற்றார். சண்முகம் 1942இல் ஔவையார் நாடகத்தில் மூதாட்டியாக நடித்தார். அப்போது அவருக்கு வயது 30. அந்த ஒரு வேடத்தால் ‘ஔவை’ என்னும் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சபாவின் செல்லப்பிள்ளை என். எஸ். கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன், மேடையில் ஏறி ஊரைச் சிரிக்கவைத்தான். எஸ். வி. சகஸ்ரநாமம், கே. ஆர். ராமசாமி, ஏ. பி. நாகராஜன் ஆகியோரும் இங்கு வளர்ந்தவர்களே. கம்பெனியில் ஒன்றாக உண்டு உறங்கியவர்களின் பிணைப்பு பின்னும் அறுபடவில்லை. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் 1944 முதல் 1947 வரை சிறையில் இருந்தபோது, அவருடைய நாடகக் குழுவைக் கலையவிடாமல் தாங்கியவர் சகஸ்ரநாமம். கே. ஆர். ராமசாமி கிருஷ்ணன் பெயரிலேயே ஒரு நாடக சபாவைத் தொடங்கினார். அண்ணாவின் ‘வேலைக்காரி’ அந்த மேடையில்தான் வெளிச்சம் பெற்றது.

திரைப்படமும் பிறகும்: 1931இல் தமிழ்ப் பேசும்படம் வந்ததும் கொட்டகைகள் டாக்கீஸாக மாறின, கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. சண்முகானந்த சபாவின் நடிகர்களையே கொண்டு 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் மேனகா படமானது. என். எஸ். கிருஷ்ணன் அப்படத்தில் திரையில் தோன்றினார். படம் வென்றும் சகோதரர்கள் மேடையை விடவில்லை. நாடகத்தொழிலைக் காக்க 1944இல் ஈரோட்டில் நாடக மாநாடு கூட்டினர். சிறுவனாக இச்சபாவில் பயின்ற கமல்ஹாசன் தம் 1996ஆம் ஆண்டுப் படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயரிட்டது ஆசிரியருக்குச் செய்த வணக்கம்.

சண்முகம் 1971இல் பத்மஸ்ரீ பெற்றார், 1973இல் மறைந்தார். சென்னையில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. மதுரைத் தமுக்கத்தில் சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது. சுவாமிகளின் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் தென்மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகக் குழுக்களால் இன்றும் ஆடப்படுகின்றன.

இச்சபாவோடு ஒப்பிட, ஜப்பானில் பெண்களே ஆண்வேடமும் ஏற்று நடிக்கும் தகரசுகா குழு 1914இல் மேடையேறியது. ஒரு ரயில்வே நிறுவனத்தின் ஆதரவில் அது தனக்கெனப் பள்ளியும் அரங்கும் கொண்டு நூறாண்டு கடந்து நடக்கிறது. சண்முகானந்த சபாவுக்கு அப்படியொரு புரவலர் கடைசிவரை அமையவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கிய மக்களின் காசிலேயே அது வாழ்ந்தது.