ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு 14 வயசு... இனி எந்த ஸ்கூல்? தஞ்சை பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

எட்டாம் வகுப்பு வரைக்கும் எப்படியோ ஓடிவிடுகிறது. தமிழ்நாட்டில் அதுவரை யாரையும் பெயிலாக்குவதில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகளோடு சேர்ந்து ஆட்டிசம் உள்ள பிள்ளையும் வகுப்பு ஏறிவிடும். சிக்கல் ஆரம்பிப்பது ஒன்பதில். பத்தாவது பொதுத்தேர்வு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும், "வேற இடம் பாருங்களேன்" என்ற பேச்சு வரும். சரி, அந்த வேற இடம் எங்கே இருக்கிறது?

ஆட்டிசம் உள்ள வளரிளம் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் உயர்நிலைப் பள்ளி எப்படி இருக்கும், டெல்டாவில் அது ஏன் அரிது, இப்போதைக்கு என்ன வழி என்று பார்ப்போம்.

பேரிலேயே குழப்பம்

அரசு ஆவணங்களில் ஆட்டிசத்தைப் 'புற உலகச் சிந்தனையின்மை' என்று எழுதுவார்கள். தமிழ் படித்த யாரும் இந்தச் சொல்லைப் பார்த்தால் கொஞ்சம் நெளியத்தான் செய்வார்கள். ஏன்னா நிலைமை பெரும்பாலும் நேர் எதிர். நமக்குக் காதிலேயே விழாத ஃபேன் சத்தம், சட்டைக் காலர் உரசுவது, டியூப்லைட் மினுக்குவது எல்லாம் இந்தப் பிள்ளைகள் பலருக்கு ஒரே நேரத்தில் வந்து மோதும். புற உலகம் இல்லாதது அல்ல, அளவுக்கு மீறி இருப்பதுதான் பிரச்சினை. பேச்சு, பழக்கம், திடீர் மாற்றத்தைத் தாங்குவது ஆகியவற்றிலும் வித்தியாசம் இருக்கும். சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் ரயில் டைம்டேபிளையே ஒப்பிப்பார்கள்.

எத்தனை பேர் இருப்பார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிப் பிரிவே கிடையாது. 2021-ல் உலக அளவில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. தஞ்சாவூர் மாவட்ட மக்கள்தொகை 2011-ல் 24 லட்சம். அதே விகிதத்தை இங்கே போட்டால் எல்லா வயதிலும் சேர்த்து 19,000 பேர் அளவில் வரும். இது எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை, நாம் போட்ட வகுத்தல்தான். பாதியாகவே இருந்தாலும் சின்ன எண்ணிக்கை இல்லையே.

சின்னப் பள்ளியாகத்தான் இருக்க முடியும். ஏன்?

2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறப்பு ஆசிரியர் விகிதம் பற்றித் தீர்ப்புச் சொன்னது. மத்திய அரசு தனி விதிமுறை வகுக்கும்வரை இடைக்கால அளவாக அது எடுத்துக்கொண்டபடி, சிறப்புப் பள்ளியில் ஆட்டிசம் உள்ள 5 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். சாதாரணப் பள்ளியில் சேர்ந்து படிக்கும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் என்றால் தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர்.

இப்போது கணக்குப் போடுங்கள். 30 பிள்ளைகள் என்றால் 6 சிறப்பு ஆசிரியர்கள். பேச்சுப் பயிற்சி தருபவர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஆயாம்மா, வேன் டிரைவர் எல்லாம் தனி. சாதாரணப் பள்ளியில் ஒரே ஒரு வகுப்புக்கு உள்ள கூட்டம்தான் இங்கே முழுப் பள்ளியும். ஃபீஸை வைத்து மட்டும் இதை நடத்தினால் நடுத்தரக் குடும்பம்கூடத் தாங்காது. இப்படிப் பள்ளிகள் பெருநகரங்களிலேயே முளைப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

உள்ளே என்ன நடக்கும்? காலையில் வந்ததும் அன்றைய வேலைகள் படமாக வரிசையாக ஒட்டியிருக்கும். ஒன்று முடிந்தால் அந்தப் படத்தை எடுத்துவிடலாம். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் உருவாக்கிய 'டீச்' முறை, 1972-ல் அந்த மாகாணம் முழுக்கப் போனது. படத்தால் காட்டுவது, அடுத்து என்ன என்பதை முன்னாடியே சொல்வது என்ற வழக்கம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சத்தம் தாங்காதபோது போய் உட்கார ஓர் அமைதியான அறை இருக்கும்.

ஆனால் 14 வயசுப் பிள்ளைக்கு இது மட்டும் போதாது. மாதவிடாய் வந்தால் நாப்கின் மாற்றுவது, மீசை முளைத்தால் ஷேவ் பண்ணுவது, யார் தொடலாம் யார் தொடக்கூடாது, எதை அறைக்குள் மட்டும் செய்ய வேண்டும் என்பதெல்லாம் இந்த வயசுப் பாடங்கள். நிறையப் பள்ளிகள் தடுமாறுவதும் இங்கேதான். கடையில் 100 ரூபாய் கொடுத்துச் சில்லறை வாங்குவது, தனியாக டவுன் பஸ் ஏறுவது, சாதம் வடிப்பது, கம்ப்யூட்டரில் டைப் அடிப்பது எல்லாம் டைம்டேபிளிலேயே இருக்கும். ஆறாம் வகுப்பு அறிவியலைவிட இதுதான் முக்கியம் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. இரண்டும் வேண்டும் என்பதுதான் சரி. ஆட்டிசம் என்றாலே படிப்பு வராது என்று முடிவு கட்டுவதும் தப்பு.

எங்கே தொடங்கியது?

பிரிட்டனில் 1962-ல் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். 1965-ல் லண்டன் ஈலிங் பகுதியில் சிபில் எல்கர் என்ற ஆசிரியையைக் கொண்டு பள்ளி திறந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்தார்கள். பள்ளி முடிந்தால் எங்கே போவது? 1974-ல் பெரியவர்களுக்காக சோமர்செட் கோர்ட் என்ற இல்லம் வந்தது.

இந்தியாவிலும் ஏறக்குறைய அதே பாதைதான். ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெர்ரி பரூவா 1991-ல் டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். 1994-ல் 'ஓப்பன் டோர்' பள்ளி வந்தது. பிள்ளைகள் பெரியவர்களானதும் வேலைப் பயிற்சி மையமும் சேர்ந்தது. சென்னையில் 1999-ல் தொடங்கிய 'சங்கல்ப்', ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளவர்களைத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வு வரை கொண்டுபோகிறது.

தஞ்சையிலிருந்து சென்னை 340 கிலோமீட்டர் சொச்சம். அங்கே சேர்ப்பதென்றால் அம்மா பிள்ளையோடு சென்னையில் வாடகை வீட்டில், அப்பா இங்கே சம்பா நடவில் என்று குடும்பமே இரண்டாகிவிடும்.

தஞ்சையில் என்ன இருக்கிறது?

பார்வைத்திறன் குறையுடையோருக்கும் செவித்திறன் குறையுடையோருக்கும் தஞ்சாவூரில் அரசு மேல்நிலைப் பள்ளிகளே இருக்கின்றன. ஆட்டிசத்துக்கு அப்படி ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சிறப்புப் பள்ளிகளில்தான் இந்தப் பிள்ளைகளும் சேர்கிறார்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை தஞ்சைக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போவது, ஹாரன் சத்தத்தையும் நெரிசலையும் நினைத்தால், நடக்கிற காரியமா?

அப்போ என்னதான் வழி?

சட்டம் உங்கள் பக்கம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 31-வது பிரிவின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். அதனால் "வேற இடம் பாருங்க" என்றால் உடனே டிசி வாங்கிவிட வேண்டாம். ஒன்றிய வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிப் பயிற்சியும் உண்டு. மாநிலப் பாடத்திட்டப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் இருக்கின்றன. ஹால் டிக்கெட் வந்தபிறகு ஓடினால் நடக்காது, பள்ளி வழியாக முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

பொதுத்தேர்வு முறையே ஒத்துவராத பிள்ளைக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி. 14 வயசு ஆகியிருந்தால் பத்தாவதுக்குப் பதியலாம். 5 பாடம் போதும். ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி மாதிரிப் பாடங்களும் இருக்கின்றன. ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. 5 வருஷத்தில் 9 வாய்ப்பு. ஒரு தடவைக்கு ஒரு பாடம் என்றுகூடப் போகலாம். இந்தச் சான்றிதழைக் காட்டிச் சேர நினைக்கும் கல்லூரியிலோ வேலையிலோ விதியை மட்டும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

எதற்கும் முதல் தேவை யுடிஐடி அட்டை. தஞ்சை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்ப உதவி கேட்கலாம். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவும் அதில் சேரும். உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடஒதுக்கீடு உள்ளது.

பலருக்குத் தெரியாத ஒன்று: பிள்ளைக்கு 18 முடிந்த நாளிலிருந்து, பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி அவர்கள் தானாகக் காப்பாளர் ஆகமாட்டார்கள். வங்கி, சொத்து, சிகிச்சை ஒப்புதல் போன்றவற்றில் பிள்ளைக்குத் துணை தேவைப்படும் என்றால், கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் மனு கொடுத்துக் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். 17 வயசிலேயே பேப்பர்களைத் தயார் செய்து வைத்துக்கொள்வது நல்லது.