சேற்றில் இறங்கிய ஃபோர்க்லிஃப்ட்

ஃபோர்க்லிஃப்ட் என்றாலே சிமெண்ட் தரை போட்ட குடோன்தான் நினைவுக்கு வரும். வெளியே மண்ணில் இறங்கினால் அதன் சின்னச் சக்கரங்கள் புதைந்துவிடும். 1958-ல் பிரான்சின் அன்செனி ஊரில் மார்செல் ப்ரோ இதற்கு வழி கண்டார். ஒரு டிராக்டரின் ஓட்டுநர் இருக்கையைத் திருப்பிப் போட்டு, பெரிய சக்கரங்கள் இருந்த பக்கம் தூக்கும் கம்பத்தைப் பொருத்தினார். மனிட்டூ வண்டி பிறந்தது!

சேறு வழிவிட்டது, கவிழும் ஆபத்து போகவில்லை. முன்சக்கரம் இரண்டும் பின் அச்சின் நடுவும் சேர்ந்தால் ஒரு முக்கோணம். மொத்த எடையின் மையம் அதற்குள் இருக்கும்வரைதான் வண்டி நிற்கும். சரிவில் சுமையை உயரே தூக்கினால் மையம் வெளியே போய்விடும். அதனால்தான் சுமை தாழ்வாக, மேட்டுப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். கவிழ்ந்தாலும் பெல்ட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும்; குதிப்பவர் வண்டிக்கு அடியில் சிக்கிவிடலாம்.

1999-ல் அமலான அமெரிக்க விதி, ஓடும் தரையைப் பற்றியும் ஓட்டுநருக்குக் கற்றுத்தரச் சொன்னது. சக்கரம் மாறி 41 ஆண்டுகள் கழித்து!