பலூன் பூவுக்குச் செடி உண்டா?



சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவிற்குச் சென்றிருந்தேன். முற்றத்தின் ஓரத்தில் ஓர் இளைஞர் நீண்ட பலூன்களைத் திருகிப் பூக்கள் செய்து, குழந்தைகளுக்கு அளித்துக்கொண்டிருந்தார். பூவொன்றைப் பெற்றுக்கொண்ட சிறுமி என்னை நோக்கி, "இந்தப் பூவுக்குச் செடி உண்டா, ஐயா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். வீடு திரும்பிய பின்னரே, அது சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வி அன்று என்பது எனக்கு விளங்கிற்று. அதற்குரிய விடையையே இன்று கூற விரும்புகிறேன்.

முதலில் அப்பூ உருவாகும் முறையைக் காண்போம். ஊதினால் ஏறக்குறைய 5 அடி நீளமும் 2 அங்குலக் குறுக்களவும் கொள்ளும் பலூன் இதற்கு வேண்டும். நுனியில் ஓர் அங்குலம் காற்றுப் புகாமல் விட்டு, இரு முனைகளையும் முடிந்து வளையமாக்க வேண்டும். வளையத்தை இரட்டைச் சரமாக ஒட்டிப் பிடித்து, மூன்றாக மடித்து, நடுவே இறுகப் பற்றித் திருகினால் ஆறு இதழ்கள் விரியும். பச்சைப் பலூன் ஒன்று காம்பாக அமையும். நான் செய்து பார்த்த முதற்பூ வெடித்துவிட்டது. நுனியில் இடம் விடாமல் ஊதியதே காரணம். ஒவ்வொரு திருகிலும் காற்று முன்னே தள்ளப்படுகிறது. அது சென்று தங்க ஓர் இடம் வேண்டும் அன்றோ?

இங்ஙனம் நீளவும் வளையவும் வல்ல பொருள் ரப்பர். தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் மரத்தின் பாலைக் கொண்டு பந்தும் காலணியும் செய்வதை நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். ஆனால், ரப்பர் பலூன் பிறந்தது ஆய்வுக்கூடத்தில். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, பின்னர் அறிவியல் மேதையாக விளங்கிய மைக்கேல் பாரடே, 1824இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹைட்ரஜன் வாயுவை அடைத்து ஆராய ஒரு பை தேடினார். இரு ரப்பர்த் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரங்களை அழுத்தி ஒட்டினார். உட்புறம் ஒட்டிக்கொள்ளாதிருக்க மாவு தடவினார். அறிவியல் கருவியாகத் தோன்றிய அதுவே பின்னர் விளையாட்டுப் பொருளாயிற்று.

எனினும், அக்காலத்து ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி இக்குறையைப் போக்கும் வழியைக் கண்டார். உலகிற்கு அத்துணைப் பயன் தந்த அவர், 1860இல் கடனாளியாகவே இறந்தார். 1931இல் அமெரிக்காவில் நீல் டில்லட்சன் என்பவர், பூனைத்தலை வடிவில் வெட்டிய அட்டையை ரப்பர் பாலில் தோய்த்துப் பலூன் செய்தார். தோய்த்தெடுக்கும் முறையில் அச்சு எவ்வடிவமோ, பலூனும் அவ்வடிவம். நீண்ட கோலை அச்சாகக் கொண்டால் பூவுக்குரிய நீண்ட பலூன் கிடைத்துவிடும்.

இனி, அப்பாலைச் சுரக்கும் மரத்திற்கு வருவோம். பிரேசில் நாட்டுக் காடுகளே அதன் தாயகம். 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனை அடுத்த கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் முளைத்தவை சிலவே. அவ்வாண்டே சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன; மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. பின்னர், மலேயாவில் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன.

அத்தோட்டங்களில் உழைத்தவர் யார்? கங்காணிகளால் திரட்டப்பட்டு, கப்பலேறிச் சென்ற நம் தமிழ் மக்கள் பல்லாயிரவர். பொழுது ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆதலால் விடியுமுன்பே அவர்கள் மரத்தடியில் நின்றனர். மரத்திற்குக் கேடு வராதபடி பட்டையைச் சீவுவது நுண்ணிய கைத்தொழில். மலேரியாக் காய்ச்சல் பலரை மாய்த்தது. இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும் வரை இத்தொழிலாளர் திரட்டு நீடித்தது. பாரடேயின் பெயர் நூல்களில் இருக்கிறது. பால் வெட்டிய அக்கைகளுக்கு உரியோர் பெயர்களை நாம் கற்பதில்லை.

அச்சிறுமியை மீண்டும் சந்திப்பேனாயின் இவ்வாறு கூறுவேன்: "அம்மா, இப்பூவுக்குச் செடி இல்லை, மரம் உண்டு. அம்மரத்தடியில் நம்மவரும் நின்றனர்."

மாணவர்களே, உங்கள் ஊரிலோ உறவிலோ மலேயா சென்று திரும்பிய குடும்பத்தார் இருக்கலாம். அவர்களை அணுகி, முன்னோர் எந்தத் தோட்டத்தில் உழைத்தனர், அவர்தம் பெயர் யாது என்று கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் வரலாறே.