குவாண்டம் இயக்கவியலினின்று பழம் பௌதிகம் தோன்றுதல்

அணுவினுள் அலைபோல் பரந்து ஒரே சமயத்தில் பல நிலைகளில் கலந்து நிற்கும் பொருள், கண்ணுக்குப் புலனாகும் அளவில் நியூட்டனின் விதிகளுக்கு அடங்கி ஒரே பாதையில் செல்வது எங்ஙனம் என்று ஆராயும் பௌதிகப் பகுதி.

தொடக்கம்: நீல்ஸ் போரின் இயைபுத் தத்துவமும், 1927இல் எரன்ஃபெஸ்ட் நிறுவிய தேற்றமும், சராசரி அளவுகள் பழம் விதிகளையொட்டி இயங்குவதைக் காட்டின. சென்னிமலைக் கைத்தறிப் போர்வையின் பொடிக்கட்டங்கள் தொலைவில் ஒரே வண்ணமாகக் கலந்து தோன்றுதல்போல், நுண்ணிய அலைவரிகள் பெரும்பொருளில் புலப்படாமற் போகின்றன என்பதே அக்கால விளக்கம். ஷ்ரோடிங்கர் 1935இல் கூறிய, உயிரும் இறப்பும் கலந்த நிலையில் நிற்கும் பூனையின் உவமை அதன் குறையை வெளிப்படுத்திற்று.

சுதர்சன் காலம்: கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்து, தாம்பரத்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்ற இ. சி. ஜி. சுதர்சன் (1931–2018), சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக நெடுங்காலம் விளங்கிய பி. எம். மாத்யூஸுடனும் ஜெயசீதா ராவுடனும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட கட்டுரை, தனித்து நில்லாமல் புறச்சூழலோடு உறவாடும் அமைப்பின் மாற்றங்களுக்குப் பொதுவான கணித வடிவம் தந்தது. 1963 ஏப்ரலில் அவர் தனித்து எழுதியது மூன்றே பக்கக் கட்டுரை. எனினும் எந்த ஒளிக்கற்றையின் நிலையையும், பழம் அலைக்கு மிக நெருங்கிய ஒருசீர் நிலைகளின் கலவையாக எழுதலாம் என்றும், அக்கலவையின் எடைச்சார்பு எங்கும் எதிர்க்குறி பெறாது ஒரு நிகழ்தகவுப் பரவலாகவே அமையுமாயின் அவ்வொளியைப் பழம் பௌதிகத்தின் புள்ளியியலே முற்றும் விளக்கும் என்றும், அங்ஙனம் அமையாதவிடத்துக் குவாண்டம் இயல்பு தலைகாட்டும் என்றும் காட்டி, இவ்விரு உலகங்களின் எல்லையை ஒரு குறியின் மாற்றத்திலேயே கண்டுகொள்ள அது வழிசெய்தது. 1977இல் கிம்பிள், டாகெனாய்ஸ், மாண்டெல் ஆகியோர் சோடிய அணுக்கள் உமிழ்ந்த ஒளியில் இத்தகைய பழம் பௌதிகத்துக்கு அடங்காத இயல்பைச் சோதனையிற் கண்டனர். ஒளியின் நிலையை ஒருசீர் நிலைகளின் கலவையாக எழுதும் சுதர்சனின் குறியீடு 'கிளாபர்–சுதர்சன்' என வழங்குகிறது. 2005இல் நோபெல் பரிசு கிளாபருக்குக் கிடைத்து சுதர்சனுக்குக் கிடைக்காமை பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஒருசீர் நிலைகளை ஒளியியலில் முதலிற் புகுத்தியவர் கிளாபர் என்பாரும், பொதுக் குறியீட்டை நிறுவியவர் சுதர்சனே என்பாரும் உளர். 1976இல் கோரினி, கொசகோவ்ஸ்கி ஆகியோருடன் சுதர்சனும், தனியே லிண்ட்பிளாடும் கண்ட சமன்பாடு, சூழலால் குவாண்டம் இயல்பு தேய்வதைக் கணிக்க இன்றும் பயன்படுகிறது.

பிற்காலம்: கலந்து நிற்கும் நிலைகளிடையே அலைபோல் எழும் குறுக்கீட்டைச் சூழலே அழிக்கிறது என்ற கருத்தை 1970இல் ஸேயும், 1980களில் ஸூரெக்கும் வளர்த்தனர். 1996இல் பாரிஸில் ஹரோஷ் குழுவினர் இதனைச் சோதனையிற் கண்டனர்.

மதிப்பீடு: குறுக்கீடு ஏன் மறைகிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிட்டது; ஆனால் நிகழக்கூடிய பல விளைவுகளுள் ஒன்று மட்டும் ஏன் நிகழ்கிறது என்பது இன்னும் தீராத வழக்கு.