கப்பலில் கால்பங்கு

ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பும் யூதரை யார் ஏற்பது என்று பேச, 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடின. அவுஸ்திரேலியாவின் சார்பில் சென்றவர், மெல்பேர்ண் பலக்கிளாவா தொகுதி உறுப்பினர் தோமஸ் வைற். எங்கள் நாட்டில் இனப் பிரச்சினை இல்லை, அதை இறக்குமதி செய்யவும் விருப்பமில்லை என்றார். பூர்வகுடிகளிடம் பறித்த நிலத்தின் பிரதிநிதி சொன்னது இது. பலக்கிளாவா இன்று யூதர் பலர் வாழும் பகுதி.

போர் முடிந்ததும் தொழிற்கட்சியின் குடிவரவு அமைச்சர் ஆர்தர் கோல்வெல், உறவினர் பொறுப்பேற்கும் யூத அகதிகளை அனுமதித்தார். உடனே பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் எதிர்ப்புக் கிளம்பியது. தன் குடிவரவுத் திட்டமே கவிழ்ந்துவிடும் என அஞ்சிய அவர், ஒரு கப்பலின் பயணிகளில் யூதர் 25 வீதத்தை மீறக்கூடாது என்று வரம்பிட்டார். வெறுப்பவரின் கூச்சல், வெறுக்காதவரின் கையால் விதியாயிற்று.

2018இல் செனட்டர் பிரேசர் அனிங், குடிவரவு பற்றிய தன் கன்னி உரையில் 'இறுதித் தீர்வு' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். சக உறுப்பினர் சிலர் கைகுலுக்கினர். மறுநாள் கண்டனம் எழுந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில், மெல்பேர்ணில் ஜோஷ் பிரைடன்பேர்க்கின் சுவரொட்டிக்கு ஹிட்லர் மீசை வரையப்பட்டது. அவருடைய தாய், ஹங்கேரியில் யூத இனவழிப்பிலிருந்து உயிர்தப்பியவர்.

மீசை வரைபவரை எளிதில் அடையாளம் காணலாம். வாக்குக்குப் பயந்து வரம்பிடுபவரைத்தான் கவனிக்க வேண்டும். படகில் வந்த தமிழரைப் பற்றித் தேர்தல்தோறும் பேசப்பட்டதைக் கேட்டவர்களுக்கு, அந்தக் கால்பங்குக் கணக்கு புதிதல்ல.