சொந்தக் காணியில் நின்ற பலா

கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் பழைய வீடொன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த நண்பரைக் காணச் சென்ற நான், முற்றத்தில் அடுக்கியிருந்த மரங்களைக் கண்டு நின்றுவிட்டேன். வளைகள், கைமரங்கள், கதவு நிலைகள், பெரும்பாலும் பலா. மஞ்சள் நிறம் மாறிக் கறுத்திருந்தாலும் கறையான் தொடவில்லை.

வயதான ஓடாவி ஒருவர் வளையொன்றைப் புரட்டிக் காட்டினார்.

“சேர், இந்தக் கோடுகளப் பாருங்க. வட்டவாள்ல அரிஞ்சா கீறல் வளைஞ்சி விழும். இது நேராக் கிடக்கு. ஒருத்தர் மேல நின்டு, ஒருத்தர் குழிக்குள்ள நின்டு அரிஞ்ச மரம்.”

மரக்காலைகளில் இயந்திர வாள் வருமுன்னர் தோட்டத்து மரம் தோட்டத்திலேயே பலகையானது. குழிக்கு மேலே மரத்தைக் கிடத்தி, கரி பூசிய நூலால் கோடு அடித்து, இருவர் நீண்ட வாளை இழுப்பார்கள். மேலே நிற்பவர் கோட்டைக் காப்பார்; கீழே நிற்பவரின் கண்ணில் மரத்தூள் கொட்டும். வெளிறு கழித்து வைரம் எடுப்பார்கள். அரிந்த பலகைகளைக் காற்றோட நிழலில் அடுக்கி உலர்த்துவார்கள்.

அந்த வளையைத் தடவியபோது எனக்குள் எழுந்தது ஒரு கேள்வி: சொந்தக் காணியில் நிற்கும் மரம் உண்மையில் யாருக்குச் சொந்தம்?

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் குன்றுபோல் குவிந்து கிடந்ததாகக் குறிப்பிடுகிறார். மஃபரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்றனர். பதிலுக்கு மன்னருக்குத் துணி முதலியவற்றை அன்பளிப்பாகக் கொடுத்தனர்.

ஒல்லாந்தர் காலத்தில் அந்தத் தாராளம் மறைந்தது. தனியார் தோட்டத்தில் தானாக முளைத்த கறுவாவும் கம்பனியின் உடைமையாயிற்று. அதைக் களவாக வெட்டுவது மரண தண்டனை வரை செல்லக்கூடிய குற்றம். கொள்ளுப்பிட்டிக்கு அயலிலுள்ள கறுவாத்தோட்டம் என்ற பெயர் அக்காலத்தின் எச்சமே. கறுவா ஏகபோகத்தை ஆங்கிலேயர் 1833இல் நீக்கினர். ஆனால் 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. உறுதி காட்ட இயலாத கிராமத்தவர் தம் காணியிலேயே அந்நியரானார்கள்.

சுதந்திரத்தின் பின் வந்தது 1951இன் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம். இதன்படி சொந்தக் காணியில் நிற்பதானாலும் பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்ட முடியாது. குருநாகல் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தில் 2014இல் வீடு கட்டத் தொடங்கியபோது, மூத்தாப்பா நட்ட இரண்டு பலாக்களையும் வெட்ட விண்ணப்பித்தேன். பலமுறை அலைந்த பின் ஒன்றுக்கே அனுமதி கிடைத்தது. “வாப்பாட வாப்பா நட்ட மரம், இவங்களுக்கென்ன?” என்று உம்மாவிடம் கொதித்தேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பலாவுக்கு ஏன் இந்தக் காவல்? சிங்களவர் அதைச் ‘சோற்று மரம்’ என்பர். நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை நடத்திய பாணந்துறை ஆதர் வி. டயஸை மக்கள் ‘கொஸ் மாமா’ என்றே அழைத்தனர். நம் சமூகம் மறவாத 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது, இராணுவச் சட்டத்தின் கீழ் சிறைப்பட்ட மதுவொழிப்பு இயக்கத்தவருள் அவரும் ஒருவர். அந்த ஆண்டின் கசப்பு ஒருபுறமிருக்க, அவர் பரப்பிய மரம் யார் வேலி என்று பார்த்துக் காய்க்கவில்லை.

கம்பனி கறுவாவைக் காத்தது தன் இலாபத்துக்காக. 1951இன் சட்டம் பலாவைக் காத்தது பசிக்கு உணவாகும் மரம் என்பதால். இரண்டும் சொந்தக்காரனின் கையைப் பிடித்தவைதாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. இதை நான் புத்தகத்தில் படித்து உணரவில்லை. 2022இல் அரிசி விலை எட்டாத உயரம் போனபோது, எஞ்சிய அந்த ஒற்றைப் பலாவே எங்கள் வீட்டிலும் அயலவர் மூன்று வீடுகளிலும் பகல் உணவாயிற்று. நட்ட மரத்தில் மனிதரும் பறவையும் உண்பது ஸதக்கா என்ற நபிமொழியை வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

வெட்டிய பலா இன்று எங்கள் வீட்டு வாசற்கதவாக நிற்கிறது. வெட்டாத பலா அதற்கு நேரெதிரே காய்க்கிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து திரும்பிய அன்று, அதன் கொட்டைகளில் நான்கை வேலியோரம் ஊன்றினேன்.